மண் குடிக்கும் நேரம்

மார்ச் 3

பாப்பாவுக்கு,

என் முழங்கால் பழைய கதைதான். உட்கார்ந்தால் எழ முடியவில்லை, எழுந்தால் உட்கார முடியவில்லை. அதை விடு. உன் வீட்டுக்காரன் ஃபிட்டர் படுக்கையில் விழுந்து இரண்டு மாதம் ஆகப்போகிறது. வாய் திறந்து ஒரு வார்த்தையாவது சொன்னானா? முதலில் அதை எழுது.

மேல்தோப்பை லாரி நிறுத்த விட்டுவிட்டாய். அதை நீ எழுதி நான் படித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் மரியாதை மிஞ்சியிருக்கும். புல்டோசர்க்காரன் சொல்லித் தெரிந்துகொண்டேன். "பெரியவரே, தள்ளி நில்லுங்க. மரம் உங்க மேல சாஞ்சா எனக்குத்தான் தலைவலி" என்றான். அப்பா வைத்த மரம் என் மேல் விழுந்தால் அவனுக்குத் தலைவலியாம்.

அப்பா சரிவை மூன்றாகப் பிரித்தார். மேலே தோப்பு உனக்கு, நடுவில் எனக்கு, அடியில் சின்னவனுக்கு. அவன் வீடு கட்டிய இடம் தண்ணீர் போகிற வழி என்று அன்றே சொன்னேன். சுடாத பச்சைக் கல்லில் பின்சுவர் வைக்காதே என்றும் சொன்னேன். நாலு பேர் முன்னால் என்ன சொன்னான்? "ரோடு ரோலர் ஓட்டினவனுக்கு மண்ணைப் பத்தி என்ன தெரியும்?" பதினொரு வருஷமாகிறது. அவனோடு பேச்சில்லை. அவன் வாசலை மிதிப்பதில்லை, அந்த வீட்டுப் பக்கம் என் கண்ணைக்கூடத் திருப்புவதில்லை. அவன் மட்டும் ஒவ்வொரு மழை முடிந்ததும் வேலி ஓரம் நின்று, காற்றோடு பேசுவதுபோல், "எங்கேப்பா அந்தத் தண்ணி? வழி தவறிடுச்சோ?" என்பான். தண்ணீர் ஏன் வரவில்லை? உன் தோப்பு குடித்தது. அதனால்தான் நான் பதினொரு வருஷம் பொய்யனாக இருந்தேன்.

மரம் வெட்டுவதற்கு முதல் நாள், அடி வெட்டிய தகர டப்பாவை மரத்தடியில் கட்டைவிரல் ஆழம் இறக்கி, கோடு வரை தண்ணீர் ஊற்றினேன். ஃபிட்டர் தன் கையிலிருந்து எனக்குக் கழற்றிக் கொடுத்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். நான்கு நிமிஷம். பிறகு மண்ணைப் பிளந்து பார்த்தேன். உதிரி உதிரியாக இருந்தது. புழு போன ஓட்டை, செத்த வேர் விட்டுப்போன ஓட்டை. தண்ணீர் அங்கே கதவைத் தட்டாமல் உள்ளே போகிறது.

இதை ஃபிட்டருக்குப் படித்துக் காட்டு. அவனுக்குப் புரியும்.

அண்ணன்

&nbsp;

மார்ச் 19

அண்ணனுக்கு,

முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள். எண்ணெய் அனுப்பினால் தேய்த்துக்கொள்ளமாட்டீர்கள், அலமாரியில் வைத்து அழகு பார்ப்பீர்கள். அதனால் அனுப்பவில்லை.

உங்களிடம் சொல்லாதது தப்பு. சொல்லியிருந்தால் விட்டிருக்கமாட்டீர்கள், ஆஸ்பத்திரிச் செலவுக்கு எனக்கு வேறு வழியும் இருக்கவில்லை. அவருக்கு வலப்பக்கம் முழுக்கப் போய்விட்டது. இடக்கை மட்டும் அசைகிறது. பேச்சு இல்லை. அடித்தொண்டையிலிருந்து நீளமாக ஒரே ஒரு சத்தம் வருகிறது. தண்ணீர் வேண்டும் என்றாலும் அதுதான், என்னைக் கண்ட சந்தோஷம் என்றாலும் அதுதான். இந்த மூன்றாம் மாடியில் லிஃப்ட் ஆறு மாதமாக நிற்கிறது. டாக்டரிடம் போக நான்கு பேர் நாற்காலியோடு தூக்க வேண்டியிருக்கிறது. "அம்மா, உங்க வீட்டுக்காரர் இளைச்சிட்டாரு, எங்களுக்கு லாபம்" என்று அவர்களில் ஒருவன் சிரிக்கிறான்.

உங்கள் கடிதத்தைப் படித்தேன். நான்கு நிமிஷம் என்றதும் இடக்கையைத் தூக்கி மணிக்கட்டை எனக்குக் காட்டினார், கடிகாரம் இல்லாத மணிக்கட்டை. கண்ணில் தண்ணீர் வந்தது. உங்கள் பெயர் சொன்னாலே இப்படித்தான் செய்கிறார்.

ஒன்று கேட்கிறேன். தோப்பு குடிக்காத தண்ணீர் சின்னண்ணன் வீட்டுக்குத்தானே போகும்? அவரிடம் சொன்னீர்களா?

உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

பாப்பா

&nbsp;

ஏப்ரல் 11

பாப்பாவுக்கு,

ஒத்தடம் கொடுத்தேன். முழங்கால் சிவந்ததுதான் மிச்சம். ஃபிட்டரை இரண்டு மணிக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வை, முதுகு புண்ணாகிவிடும்.

தோப்பு போய்விட்டது. மேல்மண்ணை வழித்து எங்கோ கொண்டுபோனார்கள். அடியில் இருக்கும் சிவந்த களிமண்ணின் மேல் ரோலர் ஏற்றினார்கள். ஓட்டுகிறவன் மீசை முளைத்தும் முளைக்காதவன். பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

"எத்தனை தடவை ஓட்டச் சொன்னாங்க?"

"ஆறு, பெரியவரே."

"ஆறுல மண்ணு சாகாது. லேசாத் தண்ணி தெளிச்சு எட்டு ஓட்டு. ஓரத்துல இருந்து நடுவுக்கு வா. சக்கரத் தடம் பாதி மேல பாதி ஏறணும்."

"பெரியவருக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?"

"முப்பத்தொரு வருஷம் மண்ணைக் கொன்னு சம்பளம் வாங்கினவன்டா நான்."

எட்டு ஓட்டினான். நல்ல வேலை. குதிகாலால் குத்தினேன், குதிகால்தான் வலித்தது. மறுநாள் டப்பாவை இறக்கச் சுத்தியல் வேண்டியிருந்தது. கோடு வரை ஊற்றினேன். இரண்டு மணி நேரம் உட்கார்ந்தேன். இன்னும் இரண்டு விரல் தண்ணீர் அப்படியே நின்றது. டப்பாவில் ஈ விழுந்து நீந்தியது.

இனி மேலே பெய்வதெல்லாம் கீழேதான் இறங்கும். என் மேல் எல்லையில் கரை போடத் தொடங்கிவிட்டேன்.

ஃபிட்டரிடம் இரண்டு மணி நேரம் என்று சொல். நம்பமாட்டான்.

அண்ணன்

&nbsp;

மே 2

அண்ணனுக்கு,

கரை போடுகிற வயதா உங்களுக்கு? மூச்சு வாங்கினால் உட்காருங்கள். இங்கே அவர் முதுகில் ஒரு புண் ஆறியது, இன்னொன்று வந்திருக்கிறது.

நான் கேட்டதற்கு நீங்கள் பதில் எழுதவில்லை. அதனால் சின்னண்ணனுக்கு நானே எழுதினேன். அவர் பதில்: "பதினோரு வருஷமா வராத தண்ணியைப் பெரியவர் டப்பாவுல பிடிச்சு வச்சிருக்காராமா? வந்தா ஒரு கும்பிடு போட்டு உள்ள கூப்பிடுறேன்னு சொல்லு." அவரும் நீங்களும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள்தான், சந்தேகமே இல்லை.

நீங்கள் மேல் எல்லை முழுக்கக் கரை போட்டால் தண்ணீர் உங்களை விட்டுத் திரும்பி மேற்கே இறங்கி நேரே அவர் பின்சுவரில் போய் முட்டும். இது எனக்கே தெரிகிறது. உங்களுக்குத் தெரியாதா? கிழக்கு மூலையைத் திறந்துவிட்டு, உங்கள் அவரைக்காய்ப் பாத்தி வழியாக ஒரு வாய்க்கால் எடுங்கள். நாற்பது அடியில் ரோட்டுக் கால்வாய். யாருக்கும் சேதமில்லை.

இன்னொன்று. ஆறு போதும் என்றவனை எட்டு தடவை ஓட்டச் சொன்னீர்களே, ஏன் அண்ணா?

சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

பாப்பா

&nbsp;

மே 20

பாப்பாவுக்கு,

நேரத்துக்குத்தான் சாப்பிடுகிறேன். ஃபிட்டர் புண்ணைக் காற்று படும்படி வை.

என் நிலத்தைச் சாக்கடையாக்கி அவன் வீட்டைக் காப்பாற்றச் சொல்கிறாய். தோப்பை அழித்தது நீ. வழியில் வீடு கட்டியது அவன். வாய்க்காலுக்கு நிலம் கொடுப்பது நான். நல்ல பங்கு பிரித்திருக்கிறாய், அப்பாகூட இப்படிப் பிரிக்கவில்லை.

கரை முடிந்தது. மார்பு உயரம். ஒவ்வொரு சாண் மண்ணுக்கும் திமிசுக்கட்டையால் எட்டு தடவை இடித்தேன். ஒரு சொட்டு கசியாது.

அவன் பேச்சைச் சுமந்துகொண்டு இனி எனக்குக் கடிதம் வரக்கூடாது. வந்தால் பிரிக்கமாட்டேன். அப்பா செய்ததைத்தான் நானும் செய்வேன். அத்தை சண்டை போட்டுக்கொண்டு போனபின் எழுதிய பதினாறு கடிதத்தையும் பிரிக்காமல் திருப்பி அனுப்பியவர் அவர். நம் வீட்டு வழக்கம் உனக்குத் தெரியும்.

அண்ணன்

&nbsp;

ஜூன் 6

(உறையின் மேல், தபால்காரர் கையெழுத்தில்: வாங்க மறுத்துவிட்டார். அனுப்பியவருக்கே திருப்புக.)

அண்ணனுக்கு,

இது யார் பேச்சையும் சுமந்து வரவில்லை. தயவுசெய்து பிரியுங்கள்.

மாடிப்படி இனி முடியாது. போன வாரம் தூக்கும்போது இரண்டாம் மாடித் திருப்பத்தில் அவரை நழுவ விட்டுவிட்டார்கள். தலையில் நான்கு தையல். சின்னண்ணன் தன் வீட்டுப் பின்னறையைத் தருகிறேன் என்றார். தரைமட்டம், படியே இல்லை. இருபதாம் தேதி அங்கே வருகிறோம். ஜன்னல் உங்கள் நிலத்தைப் பார்த்திருக்கிறது. கட்டிலை ஜன்னலோரம் போடச் சொல்லியிருக்கிறேன். நீங்கள் நடமாடுவதைப் பார்த்தாலே அவருக்குப் பாதி உயிர் வரும்.

அந்த அறையின் பின்சுவர் எது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

மழைக்கு முன் கிழக்கு மூலையைத் திறந்துவிடுங்கள். சின்னண்ணனுக்காக இல்லை. எனக்காகவும் வேண்டாம். உங்கள் ரோலர் நடுரோட்டில் நின்றபோதெல்லாம் ராத்திரி பகல் பார்க்காமல் அதன் அடியில் படுத்துக் கிடந்த மனுஷனுக்காக.

நீங்கள் அந்த வாசலை மிதிக்கமாட்டீர்கள், தெரியும். நான் ஏறி வந்தால் உங்கள் சொல்லை உடைக்க வந்ததாக நினைப்பீர்கள். அதனால் நான் வரவில்லை. கரை மேல் நின்று ஒரு தடவை கையை ஆட்டுங்கள், அது போதும். அதுவும் இல்லை என்றால் எங்களையும் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டீர்கள் என்று எடுத்துக்கொள்வேன்.

முழங்காலைக் கவனியுங்கள்.

பாப்பா

&nbsp;

ஜூன் 15

பாப்பாவுக்கு,

கடிதம் வந்தது. திருப்பி அனுப்பிவிட்டேன். தபால்காரன் "கனமா இருக்கு, ஒரு தடவை யோசிங்க பெரியவரே" என்றான். கனமாக இருந்தால் வாதமும் கனம் என்று அர்த்தம். எனக்கு வேண்டாம்.

கோபம் உன்னோடு மட்டும்தான். ஃபிட்டர் எப்படி இருக்கிறான் என்று ஒரு அட்டையில் இரண்டு வரி எழுது. அதை வாங்கிக்கொள்கிறேன்.

மேகம் கூடுகிறது.

அண்ணன்

&nbsp;

ஜூலை 1

பாப்பாவுக்கு,

நன்றாக இருக்கிறேன். இவ்வளவு நன்றாக இருந்து பதினொரு வருஷமாகிறது. உட்கார்ந்து படி. ஃபிட்டருக்கும் சத்தமாகப் படித்துக் காட்டு. அட்டை எழுதாவிட்டால் போகிறது.

இன்று பகல் இரண்டே காலுக்கு மழை பிடித்தது. கடிகாரத்தோடு கரை மேல் ஏறி நின்றேன். இரண்டரைக்கெல்லாம் லாரி மைதானம் முழுக்கப் பளபளவென்று கண்ணாடி. ஒரு சொட்டு உள்ளே போகவில்லை. இரண்டே முக்காலுக்கு முழங்கால் உயரம் செம்மண் தண்ணீர் என் கரையில் வந்து மோதியது. கரை அசையவில்லை. அப்படியே மேற்கே திரும்பி இறங்கிப் பதினொரு நிமிஷத்தில் அவன் பின்சுவரைத் தொட்டது. நான் சொன்ன அதே வழி. ஒரு அடி இந்தப் பக்கம் இல்லை, அந்தப் பக்கம் இல்லை.

இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அந்த வீட்டைத் திரும்பிப் பார்த்தேன். பார்க்க எனக்கு உரிமை உண்டு. மூன்று இருபதுக்குப் பின்சுவரின் மூலை கரைந்து உள்பக்கம் விழுந்தது. தண்ணீர் உள்ளே போனது. கும்பிடு போட்டு உள்ளே கூப்பிடுகிறேன் என்றானே, கூப்பிடாமலே போனது.

அவனும் பெண்டாட்டியும் கடைக்குப் போயிருந்தார்கள் போல, யாரும் வெளியே வரவில்லை. பின்னறையில் மாடு கட்டியிருக்கிறான். பத்து நாளாகவே நான் கரை மேல் நடந்தால் அது கத்தும், நான் திரும்பியதில்லை. இன்று சுவர் விழுந்ததிலிருந்து விடாமல் கத்தியது. வாயில்லாத ஜீவன், பாவம்தான். மண்வெட்டி என் கையிலேயே இருந்தது. கிழக்கு மூலையை வெட்டியிருந்தால் தண்ணீர் ரோட்டுக் கால்வாய்க்குப் போயிருக்கும், என் அவரைக்காய்ப் பாத்தியும் அதோடு போயிருக்கும். அவன் வீட்டு மாட்டுக்காக என் கரையை நான் ஏன் வெட்ட வேண்டும்? மூன்று நாற்பத்தொன்றுக்குச் சத்தம் நின்றது. எல்லாவற்றையும் நேரத்தோடு குறித்து வைத்திருக்கிறேன்.

மழை விட்டுவிட்டது. தபால் எடுப்பதற்குள் இதைப் பெட்டியில் போட நடக்கிறேன். முழங்கால் வலிக்கவே இல்லை.

ரோலர் ஓட்டினவனுக்கு மண்ணைப் பற்றித் தெரியும் என்று ஃபிட்டரிடம் சொல்.

அண்ணன்

&nbsp;

ஜூலை 15

அண்ணனுக்கு,

உங்கள் முழங்கால் வலி போனதில் சந்தோஷம்.

எங்கள் பழைய வீட்டுக்கு எதிர்வீட்டு டீச்சர், வந்த தபாலையெல்லாம் ஒரு உறையில் போட்டு இங்கே அனுப்பியிருந்தாள். நீங்கள் திருப்பி அனுப்பிய என் கடிதம், உங்கள் ஜூன் கடிதம், ஜூலை முதல் தேதிக் கடிதம். மூன்றும் இன்று வந்தன. தபால்காரர் உங்கள் வீட்டைத் தாண்டித்தான் வந்தார். உங்களுக்கு இருநூறு அடி கீழே உட்கார்ந்து இதை எழுதுகிறேன். இதுவும் தபாலில்தான் வரும்.

இந்த வீட்டில் மாடு இல்லை.

அன்று சின்னண்ணனும் அண்ணியும் வெளியே போயிருந்தார்கள், இரண்டு மணிக்கு அவருக்கு மருந்து வாங்க நான் நடந்து போனேன். வரும்போது மழை. நான்கு மணிக்கு வந்தேன். உள்ளே சேறு தள்ளியதால் கதவு திறக்கவில்லை. அடுத்த வீட்டுத் தச்சர் கோடரியால் பிளந்தார். கட்டில் மட்டத்துக்கு மேல் ஒரு சாண் தண்ணீர் நின்றது. மிச்சமிருந்த சுவரில் அந்த ஜன்னலும் இருந்தது. இடக்கை அதன் கம்பியைப் பிடித்திருந்தது. விரலை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் எடுத்தோம்.

நாங்கள் வந்த அன்றே நீங்கள் டப்பாவோடு கரை மேல் நடந்தீர்கள். அவர் பார்த்துவிட்டார். கையைத் தூக்கி மணிக்கட்டைக் காட்டிச் சத்தம் போட்டார். அதுதான் உங்களைக் கூப்பிடுவது. பத்து நாளும் கூப்பிட்டார். நீங்கள் திரும்பவில்லை. "அவர் அப்படித்தான், விடுங்க, உங்க மேல கோபமில்ல, என் மேலதான்" என்று சமாதானம் சொன்னேன். அவர் கேட்கவில்லை. விடிந்ததும் ஜன்னலைப் பார்த்துத் திருப்பிவிடச் சொல்லிக் கையைக் காட்டுவார்.

அன்று மாலை ஊரே வந்தது. தச்சர் ஏறி வந்து உங்களிடம் சொன்னார். தலைத்துணியை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு கரை மேலேயே நின்றீர்கள். தூக்கிக்கொண்டு போகும்வரை நின்றீர்கள். இறங்கி வரவில்லை. எங்களைத் தெரிந்தே விட்டுவிட்டீர்கள் என்று இரண்டு வாரம் உங்களைச் சபித்தேன். இன்றுதான் தெரிகிறது, சபித்தது போதாது.

உங்களுக்கு இரண்டு செய்தி. மேலே லாரிக்காரர்களுக்கு இன்னும் பத்து வருஷம் எழுதிக் கொடுத்துவிட்டேன். மைதானம் முழுக்கக் கான்கிரீட் போட்டுக்கொள்ளட்டும் என்றும் சொல்லிவிட்டேன். இங்கே சின்னண்ணன் பின் எல்லை நெடுக, ரோடு வரைக்கும், ஆள் உயரத்துக்குக் கான்கிரீட் சுவர் எழுப்புகிறார். மேலிருந்து வருவதை உங்கள் கரை தடுக்கும். திரும்பி வந்து கீழே தேங்கி உங்கள் வீட்டு வாசலுக்கு ஏறுவதை எது தடுக்கும் என்று நீங்கள்தான் அளந்து சொல்ல வேண்டும். உங்களுக்கு மண்ணைப் பற்றித் தெரியும்.

நீங்கள் பிரிக்காத கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன்.

கடிகாரம் அவருடையது. நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

பாப்பா

&nbsp;

ஆகஸ்ட் 30

பாப்பாவுக்கு,

முழங்கால் வலி திரும்பிவிட்டது. உன் உடம்பு எப்படி இருக்கிறது? வேறு யாரை விசாரிப்பது என்று தெரியவில்லை.

கான்கிரீட் போட்டு முடித்துவிட்டார்கள். டப்பாவை அதன் மேல் வைத்து ஓரத்துக்குக் களிமண் பூசி, கோடு வரை ஊற்றினேன். காலையிலிருந்து சாயங்காலம் வரை உட்கார்ந்தேன். தண்ணீர் கோட்டிலேயே நின்றது. லாரி யார்டு மேனேஜர் வந்து, "என்ன பெரியவரே, மீன் பிடிக்கிறீங்களா?" என்றான். 

சின்னவன் சுவரையும் பார்த்தேன். அடுத்த மழையில் என் வாசல் படி மூன்றும் மூழ்கும், வீட்டுக்குள் முழங்கால் உயரம் வரும். அளந்துதான் சொல்கிறேன்.

நீ அனுப்பிய பழைய கடிதத்தைப் பிரிக்கவில்லை. பிரிக்கமாட்டேன் என்று சொன்னவன் நான். தகர டப்பாவுக்கு இரண்டு பக்கமும் மூடி போட்டு அதற்குள் வைத்திருக்கிறேன்.

ஒரு கணக்கு விட்டுப்போயிருந்தது. சுவர் விழுந்தது மூன்று இருபதுக்கு. சத்தம் நின்றது மூன்று நாற்பத்தொன்றுக்கு. நடுவில் இருபத்தொரு நிமிஷம். நேற்று கடிகாரத்தைக் கரை மேல் வைத்துவிட்டு, கிழக்கு மூலையை மண்வெட்டியால் வெட்டிப் பார்த்தேன். இடித்த மண் என்பதால் கெட்டியாக இருந்தது. இரண்டு தடவை மூச்சு வாங்க நின்றேன், அந்த நேரத்தையும் சேர்த்தே எழுதுகிறேன். தண்ணீர் போகிற அளவுக்குத் திறக்க ஒன்பது நிமிஷம் ஆனது.

பிறகு மண்ணைத் தள்ளி மூடி, எட்டு தடவை இடித்துவிட்டேன். ஒரு சொட்டு கசியாது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்